கட்டடக் கலைக் கல்வியும் நம் பள்ளிவாசல்களும்

சென்னையிலிருந்து செங்குன்றம் வழியாக ஊத்துக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், ஆரணியாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் பெரியபாளையம். பவானி அம்மன் கோயிலால் பெயர்பெற்று, ஆடித் திங்களில் மக்கள் வெள்ளம் திரளும் ஊர் அது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்றுவரும் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரும் அவ்வாறு வந்து குடியமர்ந்தவரே. அவருடைய மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் கட்டடக் கலை இளநிலைப் பட்டப் படிப்புப் பயில்கிறார். இரண்டாம் ஆண்டில் பழைய கட்டடம் ஒன்றை நேரில் அளந்து, அதன் தரைப்படம், வெட்டுத்தோற்றம், முகப்புத்தோற்றம் ஆகியவற்றை வரைந்து ஒப்படைக்க வேண்டும் என்பது அப்படிப்பின் ஒரு பகுதி. அதன் பொருட்டுத் தந்தையுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார்.

“ஹஜ்ரத், நீங்கள் முன்பு இமாமாக இருந்த ஊரில் ஒரு கல் பள்ளி இருந்ததாக அத்தா சொன்னார்கள். அதன் வரைபடம் ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லையம்மா” என்றோம்.

வரைபடம் மட்டுமன்று, அப்பள்ளியே இன்று இல்லை. கால் நூற்றாண்டுக்கு முன்னர், இடம் போதவில்லை என்ற காரணத்தால் ஜமாஅத்தார் அதனை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம் எழுப்பினர். அந்நாளில் முன்னின்று துஆ ஓதியவர் நாமேதாம். தூண்கள் எத்தனை இருந்தன, அவற்றின் இடைவெளி எவ்வளவு, போதிகைகளில் என்ன வேலைப்பாடு இருந்தது என்பவற்றைக் குறித்து ஜமாஅத் ஏட்டில் ஒரு வரியும் இல்லை. ஒரு நிழற்படமும் இல்லை. முப்பதாண்டுகளாகக் கிப்லாவின் சட்டங்களையும் திசையறியும் முறைகளையும் பாடம் சொல்லிவரும் நமக்கு, நாம் தொழுத பள்ளியின் நீள அகலம் தெரியவில்லை. ஓர் இளம் மாணவியின் எளிய கேள்வி நம்மை நாணச் செய்தது. கட்டடக் கலை என்னும் கல்வி நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று ஆராயத் தூண்டியதும் அக்கேள்வியே.

சொல்லும் பொருளும்

கட்டடக் கலைஞரை அரபி மொழியில் ‘மிஃமார்’ என்பர். வாழ்தல், செழிக்கச் செய்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. ஆயுளைக் குறிக்கும் ‘உம்ர்’, நாகரிக வாழ்வைக் குறிக்கும் ‘உம்ரான்’ ஆகியனவும் அதே வேரினின்று கிளைத்தவையே. மற்றொரு சொல் ‘முஹந்திஸ்’. இது வடிவியலைக் குறிக்கும் ‘ஹந்தஸா’விலிருந்து வந்தது. அதன் மூலம், அளவு என்னும் பொருளுடைய ‘அந்தாஸா’ என்ற பாரசீகச் சொல்லாகும். ஆக, வாழ்வு ஒருபுறமும் அளவு மறுபுறமும் நிற்க, அவற்றின் நடுவே அமைவது கட்டடம்.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் கட்டடத் தொழிலுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளார். அண்டை வீட்டார் சுவர், நீர்த்தாரை, வழி ஆகியவை குறித்து வழக்காடும்போது நீதிபதிகள் கட்டடத் தொழில் அறிந்தோரின் கருத்தைக் கேட்பதுண்டு என்றும், அத்தொழிலுக்கு வடிவியல் அறிவு தேவை என்றும் அவர் விளக்குகிறார். கொத்தனாரின் கையும் ஆலிமின் ஏடும் ஒன்றையொன்று நாடிநின்ற காலத்தின் சான்று இது.

நம் நாட்டிலும் அந்த நிலை இருந்தது. தாஜ்மஹாலின் தலைமைக் கலைஞராக அறியப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரி (மறைவு 1649) வடிவியலிலும் வானியலிலும் தேர்ந்தவர். அவருடைய மகன் லுத்ஃபுல்லாஹ், ‘முஹந்திஸ்’ என்பதையே தம் பெயருடன் சேர்த்துக்கொண்டவர். மற்றொரு மகன் அதாவுல்லாஹ் ருஷ்தி, பாஸ்கராசாரியரின் பீஜகணித நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தார். அவுரங்காபாத்திலுள்ள ‘பீபீ கா மக்பரா’ என்னும் நினைவிடத்தின் கட்டடக் கலைஞரும் அவரே. தொழிலும் கணிதமும் மொழியறிவும் ஒரே வீட்டில் தந்தையிடமிருந்து மக்களுக்குச் சென்றன. அன்றைய கட்டடக் கலைக் கல்லூரி, குடும்பமும் உஸ்தாதின் பட்டறையுமே.

ஹிஜ்ரி 1209

தமிழகத்தில் இவ்வறிவுகள் எவ்வாறு இருந்தன என்பதை அறிய ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசலை அறியாதார் இலர். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் எழுப்பிய இப்பள்ளி, மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லாலேயே கட்டப்பட்டதாகப் பேசப்படுவது. அதன் ஆண்டைக் குறிக்கும் சொற்றொடரை யாத்தவர், நவாபின் அவையிலிருந்த பாரசீகப் புலமைமிக்க இந்து அறிஞர் ராஜா மக்கன் லால் ‘கிரத்’ என்பார். திருமறையின் அன்கபூத் அத்தியாயம் 45ஆம் வசனத்தில், இறைவனை நினைவுகூர்வதன் உயர்வைச் சொல்லும் மூன்று சொற்களே அத்தொடர். அப்ஜத் முறைப்படி எழுத்துகளுக்கு எண்மதிப்பு இட்டுப் பார்த்தால் முதற்சொல் 920, இரண்டாம் சொல் 66, மூன்றாம் சொல் 223. கூட்டினால் வருவது 1209. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1794 ஜூலை இறுதியில் தொடங்கி 1795 ஜூலையில் நிறைவுற்றது.

அதே காலத்தில் சென்னையில் நவாபின் ஆதரவுடன் பாடம் நடத்திவந்தவர் ‘பஹ்ருல் உலூம்’ மௌலானா அப்துல் அலீ லக்னவீ (ரஹ்). நம் மதரஸாக்களுக்கு அறிமுகமான ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மைந்தர் இவர். 1810-இல் மறைந்த இவருடைய அடக்கவிடம் அதே வாலாஜா பள்ளி வளாகத்தில் உள்ளது. அப்பாடத்திட்டத்தில் யூக்ளிதின் வடிவியலும் இருந்தது. நஸீருத்தீன் தூஸி (1201–1274) செப்பனிட்ட பதிப்பின் வழியாக அது மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

1794 மே மாதத்தில் சென்னையில் மற்றொரு பள்ளியும் தொடங்கப்பட்டது. மைக்கேல் டாப்பிங் என்னும் நில அளவையாளரின் ஆலோசனைப்படி, கிழக்கிந்தியக் கம்பெனியார் எட்டு மாணவர்களைக் கொண்டு புனித ஜார்ஜ் கோட்டையருகே தொடங்கிய அளவைப் பள்ளி அது. அதுவே பின்னர் வளர்ந்து, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியற் கல்லூரியாயிற்று.

ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே ஆண்டு. திருவல்லிக்கேணியில் கல்லைப் பொருத்தும் கைத்திறன் இருந்தது. மதரஸாவில் வடிவியல் ஏடு இருந்தது. கோட்டையருகே அளந்து தாளில் பதியும் முறை இருந்தது. ஒரு நல்ல கட்டடக் கலைக் கல்விக்கு வேண்டிய மூன்றும் ஒரு நாழிகை நடைக்குள் இருந்தும் அவை ஒன்று சேரவில்லை. கைத்திறன் கொத்தனார் குடும்பங்களோடு நின்றது. அளவை அரசாங்கத்தின் கருவியாயிற்று. மதரஸாவின் வடிவியலோ மனனத்திற்குரிய ஏடாகச் சுருங்கி, பல மதரஸாக்களில் பாடத்திட்டத்திலிருந்தே விலகிற்று. நம் பின்னடைவுக்குப் பிறரைக் குறைகூறுவோர் இதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சென்னையில் பெருங்கட்டடங்கள் எழுப்பத் தொடங்கினர். 1768-இல் எழுந்த நவாபின் சேப்பாக்கம் மாளிகை 1859-இல் அரசின் கைக்கு மாறியது. அதன் அருகே ராபர்ட் சிஷோம் வடிவமைத்த பல்கலைக்கழகச் செனட் மாளிகை 1879-இல் நிறைவுற்றது. ஹென்றி இர்வின் கைவண்ணத்தில் உயர்நீதிமன்றம் 1892-இல் திறக்கப்பட்டது. குவிமாடங்களும் மினாராக்களும் கொண்ட இப்பாணியை ‘இந்தோ–சாராசெனிக்’ என்றனர். நீதிமன்றத்திற்கும் கல்லூரிக்கும் இரயில் நிலையத்திற்கும் குவிமாடம் வந்தது. தமிழ்நாட்டின் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றிற்கோ குவிமாடமே கிடையாது. ‘இஸ்லாமியக் கட்டடம் என்றால் குவிமாடம்’ என்ற எண்ணம் நம்மவர் மனத்திலும் ஊன்றியதற்கு இப்பாணியும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

கட்டடக் கலையை வகுப்பறையில் கற்பிக்கும் முறை இந்தியாவில் பம்பாயில் வேரூன்றியது. 1857-இல் தோன்றிய ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1896-இல் வரைவாளர்களுக்கென ஏற்பட்ட வகுப்பே படிப்படியாக முழுமையான கட்டடக் கலைப் படிப்பாக விரிந்தது. தமிழகம் அதற்குப் பின்னும் அறுபதாண்டுகள் காத்திருந்தது. 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கட்டடக் கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது, அளவைப் பள்ளியின் வழிவந்த கிண்டிப் பொறியியற் கல்லூரியோடு அதுவும் அப்பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

அதே 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கலைக்கும் மரபுக் கட்டடக் கலைக்கும் அரசு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. பிற்காலத்தில் அது கல்லூரியாக உயர்ந்தது. வள்ளுவர் கோட்டத்தை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக நெடுங்காலம் விளங்கினார். ஆக, புதுமைக் கட்டடக் கலைக்கும் கோயில் மரபுக்கும் ஒரே ஆண்டில் கல்விக்கூடங்கள் கிடைத்தன. தமிழகத்துக் கல் பள்ளிவாசல்களோ இரண்டிற்கும் நடுவே நின்றன. அவற்றைச் செதுக்கிய கைகள் கோயில் மண்டபங்களைச் செதுக்கிய அதே மரபின் கைகள். எனினும் கோயில் மரபைக் கற்பிக்கும் இடத்தில் அவை பாடமாகவில்லை. புதுமையைக் கற்பிக்கும் இடத்திலும் உரிய இடம் பெறவில்லை.

இப்படிப்பின் அமைப்பை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி அமைந்த கட்டடக் கலைக் குழுமமே இதன் தரத்தை வரையறுக்கிறது. பட்டம் பெற்று அக்குழுமத்தில் பதிவு செய்தவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தம்மை அழைத்துக்கொள்ள உரிமை உடையவர். மேல்நிலைப் பள்ளியில் கணிதம் படித்தவர், ‘நாட்டா’ போன்ற தகுதித் தேர்வின் வழியாகச் சேரலாம். அத்தேர்வு 2006 முதல் நடைபெறுகிறது. படிப்பு ஐந்தாண்டுகள், பத்துப் பருவங்கள். அவற்றுள் ஒரு பகுதி, தொழில் செய்யும் கலைஞரிடம் நேரடிப் பயிற்சி. படிப்பின் உயிர்நாடி ‘ஸ்டூடியோ’ எனப்படும் வரைகூடம். அங்கே மாணவர் தாமே ஒரு கட்டடத்தை வடிவமைத்து, வரைந்து, மாதிரி செய்து, ஆசிரியர்கள் முன் நின்று அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் ஆசிரியர்முன் மாணவர் தம் நிலையை நிறுவும் இம்முறை, நம் மதரஸாக்களின் பழைய ‘முனாளரா’ வாதமுறையை நினைவூட்டுகிறது.

பாடநூல் காட்டாத பள்ளிகள்

வரலாற்றுப் பாடத்தில் நெடுங்காலமாக மாணவர் கையில் இருந்துவரும் நூல், பெர்சி பிரவுன் எழுதிய ‘இந்தியக் கட்டடக் கலை’யின் இஸ்லாமியத் தொகுதி. தில்லி, குஜராத், வங்காளம், பிஜாப்பூர், ஆக்ரா என்று விரியும் அந்நூலில் தமிழகக் கடற்கரைக்குத் தனி அத்தியாயம் இல்லை. அரசர்களின் கட்டடங்களே அதில் முதன்மை பெறுகின்றன. நம் கடற்கரைப் பள்ளிகளோ பெரும்பாலும் வணிகர் எழுப்பியவை.

கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் கொடையால் எழுந்த ஜும்ஆப் பள்ளியைக் கண்டோர் அதன் கல்தூண்களை மறக்கமாட்டார்கள். உயர்ந்த அடித்தளம், வரிசை வரிசையாகத் தூண்கள், போதிகை தாங்கும் உத்திரம், அதன்மேல் தட்டையான கல்கூரை என்று முழுக்கத் தமிழ் மண்டப அமைப்பு. உயிருருவங்கள் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பூவும் கொடியும் வடிவியல் கோலமும் உள்ளன. காயல்பட்டினத்தின் பழம்பள்ளிகளும் இம்மரபினவே. இது பிறருடைய பாணியைக் கடன்வாங்கியது அன்று. தம் ஊரின் கல்லையும் கைத்திறனையும் தம் வணக்கத்திற்குரியதாக ஆக்கிக்கொண்ட மக்களின் செயல்.

இவற்றை அளந்து வரைந்தோர் யாவர்? மதுரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழம்பள்ளிகளை அளந்து, வரைபடங்களோடு தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றி 2003-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர் இங்கிலாந்தில் பணியாற்றிய மெஹர்தாத் ஷொக்கூஹி. தமிழகத்தில் முனைவர் ஜெ. ராஜா முகம்மது இத்துறையில் நூல் எழுதித் தொண்டாற்றியுள்ளார். எனினும் அளக்கப்பட்ட பள்ளிகள் சில. அளக்கப்படாமல் இடிக்கப்பட்டவை பல.

கீழக்கரையைப் பூர்வீகமாகக் கொண்ட பி.எஸ். அப்துர் ரஹ்மான் (1927–2015) கட்டுமானத் தொழிலில் பெயர்பெற்றவர்; 1973-இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா மேம்பாலம் அவருடைய நிறுவனம் கட்டியதே. வண்டலூரில் அவர் 1984-இல் தொடங்கிய கல்வி நிறுவனத்தில் இன்று கட்டடக் கலைப் பள்ளியும் நடைபெறுகிறது. கல் பள்ளிக்குப் பெயர்பெற்ற ஊரின் மைந்தர் நிறுவிய வளாகத்திலேயே இக்கல்வி கிடைக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லை என்று சொல்வதற்கில்லை. பொறியியல், மருத்துவம் என்ற இரண்டு வாயில்களை மட்டுமே நம் பெற்றோர் அறிந்திருப்பதே குறை.

மே 28, பிற்பகல் 2.48

பெரியபாளையத்து மாணவி இறுதியில் தேர்ந்தெடுத்தது, ஆரணியாற்றின் போக்கில் கீழே உள்ள சிற்றூர் ஒன்றின் சிறிய பள்ளிவாசல். அது கல் பள்ளி அன்று. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குறுக்காக நிறுத்தி அடுக்கிய ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்த முறையை, அவ்வூரின் முதிய கொத்தனார் ஒருவர் திண்ணையில் அமர்ந்து விளக்கினார். மாணவி அதனை எழுதிக்கொண்டார்.

இப்பள்ளியையும் இடிக்க வேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்சு நடந்துவந்தது. கூறப்பட்ட முதற்காரணம், ‘பள்ளி கிப்லாவுக்குக் கோணலாக இருக்கிறது’ என்பது. எவ்வளவு கோணல் என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை.

கஅபாவின் நேர் உச்சியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. மே 28-ஐ ஒட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16-ஐ ஒட்டிப் பிற்பகல் 2.57-க்கும் அது நிகழ்கிறது. அவ்வேளையில் செங்குத்தாக நட்ட கோலின் நிழல் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கினால் அதுவே கிப்லா. யூக்ளிதைச் செப்பனிட்ட அதே தூஸி தம் வானியல் நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். நாம் ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்தியிருக்கிறோம். ஒருமுறையேனும் கோலை நட்டுப் பார்த்ததில்லை.

அம்மாணவி நட்டார். தூக்குக்குண்டால் கோலின் செங்குத்தைச் சரிபார்த்து, 2.48-க்கு நிழலின்மேல் சாக்குக்கட்டியால் கோடிட்டு, பள்ளியின் சுவரோடு அதனை ஒப்பிட்டு அளந்தார். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தது. பள்ளியோ 7 பாகை சாய்ந்திருந்தது. வேறுபாடு 11 பாகை. வெகு தொலைவில் இருப்போர் கஅபாவின் திசையை நோக்கினாற் போதும் என்பது அவ்வூரார் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நிலை. இவ்வளவு வேறுபாட்டால் திசை மாறிவிடுவதில்லை. துல்லியம் விரும்பினால் ஸஃப்புக்குரிய விரிப்புகளைச் சற்றுத் திருப்பி விரித்தால் முடிந்தது. இதனை மாணவி தம் வரைதாளில் ஒரு தனிப்படமாகவே வரைந்திருந்தார். சுவரை இடிக்கச் சொன்ன குறை, தரையில் ஒரு கோட்டால் தீர்ந்தது.

ஜமாஅத்தார் அவ்வரைபடங்களின் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, வக்ஃபு ஆவணங்களோடு வைத்துள்ளனர். இடிப்பது பற்றிய பேச்சு ஒத்திவைக்கப்பட்டுள்ளது, கைவிடப்படவில்லை. தொழுவோர் பெருகியுள்ளனர், இடம் போதவில்லை என்பது மெய்யான தேவை. பழையதை நிறுத்திக்கொண்டு அதன் கிழக்கே விரிவுபடுத்தலாமா என்று மாணவியின் ஆசிரியர்களிடம் கேட்கும் எண்ணமும் நிர்வாகத்தாரிடையே உள்ளது. என்ன முடிவு எட்டப்பட்டாலும், அப்பள்ளி எவ்வாறு இருந்தது என்று நாளை கேட்போருக்கு விடை இருக்கும்.

முத்தவல்லிகளிடமும் ஜமாஅத் பெரியோரிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. ஐம்பதாண்டு கடந்த எந்தப் பள்ளியிலும் கடப்பாறை படுமுன், அருகிலுள்ள கட்டடக் கலைக் கல்லூரிக்கு ஒரு மடல் எழுதுங்கள். அளந்து வரைவதற்குக் கட்டடம் தேடும் மாணவர் அங்கே ஆண்டுதோறும் இருக்கின்றனர். அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நாமும் தூஸியின் பாடத்தை ஏட்டோடு நிறுத்தாமல், மாணவர்களை மே மாத வெயிலில் முற்றத்திற்கு அழைத்துச் செல்வோம்.

அன்று கோல் நட்ட முற்றத்தில் கொத்தனார் இருந்தார். அரபுக் கல்லூரி ஆசிரியராகிய நாம் இருந்தோம். அளவுநாடாவோடு மாணவி இருந்தார். ஹிஜ்ரி 1209-இல் ஒன்று சேராதவை அங்கே ஒரு பிற்பகல் ஒன்று சேர்ந்தன. நாம் முன்னர் துஆ ஓதி இடித்த கல் பள்ளியை மீட்க இனி வழியில்லை. எஞ்சியிருப்பவற்றை அளக்க வழியுண்டு.